கரீம் பாட்சாவின் அமினோ ஆராய்ச்சி

ஆராய்ச்சி செய்யப் படிப்பு வேண்டும், கருவி வேண்டும் என்று நினைப்பவர்கள் எங்கள் கரீம் பாட்சா பாயைப் பார்த்ததில்லை. அவருக்குப் படிப்பும் கிடையாது, கருவியும் கிடையாது. இருந்தும் எண்பத்தாறாம் வருஷம் தாராவியில் அவர் ஒரு ஆராய்ச்சி செய்தார். அதன் முடிவு தொடங்குவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்ததுதான் அதில் விசேஷம்.

பாய்க்குக் கடையநல்லூர்ப் பக்கம். பெல்ட் தைக்கும் தொழில். தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கீழே பட்டறை, மேலே தகரக் கூரைக்குள் வீடு. பட்டறையில் இரண்டு மெஷின். சின்னதில் பாய் உட்காருவார், மனசு வந்தால். பெரியது கனத்த தோலைத் தைப்பது. அதில் உட்கார்ந்தவன் நான், களக்காட்டு வானமாமலை. இரண்டு குடும்பத்துக்கும் சோறு போட்டது அந்தப் பெரிய மெஷின்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாய்க்கு இது அடிக்கடி மறந்து போகும்.

நாற்பது தாண்டிய பிறகு அவருக்கு உடம்பு வளர்க்கும் ஆசை வந்தது. சந்து முனையில் சாக்கடை ஓரம் ஒரு அகாடா உண்டு. இரும்புக் கம்பியின் இரண்டு பக்கமும் சிமென்ட் உருளை மாட்டித் தூக்குவார்கள். பாய் அங்கே போய் ஒரு தடவை தூக்குவார், பத்துப் பேரிடம் பேசுவார். தூக்கியதைவிடப் பேசியதில்தான் அவருக்கு அதிகம் வேர்க்கும்.

அந்தச் சமயத்தில்தான் துபாயிலிருந்து அவருடைய மச்சினர் இரண்டு பாட்டில் குளிகை கொண்டு வந்தார். அர்ஜினைன் என்கிற அமினோ அமிலமாம். மேலே சட்டை போடாத ஒரு வெள்ளைக்காரன் படம். உள்ளே மடித்த இங்கிலீஷ் காகிதத்தில், ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் எட்டாவது வரை படித்தவன், எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினேன். யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், தின்றவனும் தின்னாதவனும் எப்படி இருந்தார்கள் என்று அந்தக் காகிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதைச் சொன்னேன்.

"நீரு பெல்ட்டு தைக்கிற ஆளு, உமக்கு என்னவே தெரியும்?" என்றார் பாய். அவர் என்னமோ கப்பல் கட்டுகிற ஆள் மாதிரி.

முதல் இடைஞ்சல் ஷேக் பரீத் மூலம் வந்தது. பரீத் தோல் வியாபாரி, ஐந்து வேளை தொழுகிறவர். பட்டறைகளில் மிஞ்சும் தோல் துண்டுகளை வாங்கி ஜெலட்டின் காய்ச்சுகிறவர்களுக்கு விற்பது அவருக்குப் பக்கத் தொழில். அவர் ஒரு குளிகையை எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

"பாட்சா, இந்தக் கூடு ஜெலட்டின்லா? நம்ம ஊருல நான் கொடுக்கிற மால், மாட்டுத் தோலு. வெளிநாட்டுல எந்தத் தோலுன்னு யாரு கண்டா? பன்னித் தோலா இருந்தா என்ன செய்வீரு?"

பாய் முகம் செத்துவிட்டது. ஆனால் ஆசை சாகவில்லை. கூட்டை எறிந்துவிட்டு உள்ளே இருக்கும் தூளை மட்டும் தின்பது என்று தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பு அவருடையது, வேலை அவருடைய சம்சாரம் ஷரீஃபுன்னிசா அக்காவுடையது. அக்கா உட்கார்ந்து ஒவ்வொரு குளிகையாகப் பிரித்து, தூளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டினார். மீன் கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு நாற்றம். அதைப் பாலில் கலக்கிப் பாய் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். சொரிமுத்துவுக்கும் கொடுப்பார்.

சொரிமுத்து தோல் மூட்டை சுமக்கிறவன். வாட்டசாட்டமான ஆள், அகாடாவில் நன்றாகத் தூக்குகிறவன். தூக்கத்திலும் கெட்டிக்காரன். தன் கை மட்டும் சாட்சியாக இருந்தால் போதாதென்று பாய் அவனையும் சேர்த்துக்கொண்டார். முதல் மாதம் அவன் பாதி நாள் அகாடாவுக்கே வரவில்லை, வழக்கமாகத் தூக்குவதையும் தூக்கவில்லை. மருந்து உள்ளே வேலை செய்கிறது, வெளியே தெரிய நாளாகும் என்றார் பாய். தூக்கியிருந்தால் மருந்து. தூக்காவிட்டாலும் மருந்து. இந்த ஆராய்ச்சியில் தோற்பதற்கு வழியே வைக்கவில்லை அவர்.

அப்புறம் மழை பிடித்தது. பாய் சும்மா இல்லை. விடியுமுன் சொரிமுத்துவின் குடிசைத் தட்டியை உதைத்து எழுப்பி இழுத்துக்கொண்டு போவார். பயிற்சி முடிந்ததும் இரானி டீக்கடையில் முட்டை வாங்கிக் கொடுப்பார். தினமும் தூக்கி, தினமும் முட்டை தின்றால் ஒருத்தனுக்குப் பலம் வரத்தான் செய்யும். வந்தது. பாய் அதையும் பாட்டில் கணக்கில்தான் எழுதினார்.

தன் கையை அளக்க அவர் கண்டுபிடித்த முறையைச் சொல்ல வேண்டும். ஒரு தோல் பட்டையை வெட்டி, வரிசையாகத் துளை போட்டு, புஜத்தில் கட்டிப் பார்ப்பார். முதலில் உள் துளையில் மாட்டிய கொக்கி, மழைக்காலத்தில் ஒரு துளை வெளியே தள்ளிப் போயிற்று. பட்டறையே அதிரும்படி கூவினார். நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"பாய், அது வேர்வையிலயும் மழையிலயும் நனைஞ்ச தோலு. நனைஞ்சதை நீங்க அடுப்புப் பக்கம் காயப் போட்டீங்க. சுருங்காம என்ன செய்யும்? வார கஸ்டமர் எல்லாத்துகிட்டயும், பெல்ட்டை நனைக்காதீய, சுருங்கிரும்னு நீங்கதான சொல்லுதீங்க?"

"அது இடுப்புப் பெல்ட்டு. இது கை" என்றார் பாய்.

இதற்கு மேல் ஒரு மனிதனிடம் என்ன பேசுவது? எனக்கு வாய் வரை வந்த கெட்ட வார்த்தையை முழுங்கிக்கொண்டு தைக்க ஆரம்பித்தேன்.

ஒன்று மட்டும் எனக்கே புரியவில்லை. பாட்டில் காலியாகவில்லை. இரண்டு பேர் தினமும் இரண்டு இரண்டு கரண்டி தின்கிறார்கள், பாட்டில் கழுத்து வரை இருக்கிறது. பாய்க்குப் புரிந்துவிட்டது. "பரக்கத்துவே, பரக்கத்து! நம்ம எண்ணம், நிய்யத்து நல்லாருந்தா அல்லா பெருக்கித் தருவான்" என்று கண் கலங்கினார். மீன் நாற்றமும் போயிருந்தது. உடம்பு மருந்தை ஏற்றுக்கொண்டதாம், அதனால் நாற்றம் தெரியவில்லையாம். தூள் கொஞ்சம் மஞ்சளாகவும் மாறியிருந்தது. மழைக்காலத்தில் நிறம் மாறும் என்று காகிதத்தில் போட்டிருக்கிறது என்றார், ஏபிசிடி தெரியாத மகான்.

நவராத்திரிச் சமயத்தில் செம்பூரில் ஒரு சங்கம் பளு தூக்கும் போட்டி நடத்தியது. சொரிமுத்து இரண்டாவதாக வந்தான், ஒரு பித்தளைக் கோப்பை கிடைத்தது. அதை வாங்கியவன் சொரிமுத்து, தலையில் வைத்துக்கொண்டு ஊர்வலம் வந்தவர் பாய்.

கூத்து அதோடு முடிந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கோப்பை வந்த மறுநாள் பாய் பட்டறையில் அறிவித்தார். துபாயிலிருந்து ஒரு பெரிய பெட்டி நிறைய அமினோ வரவழைக்கப் போகிறார். மாட்டுங்காவிலிருந்து தாணே வரை எல்லா அகாடாவுக்கும் அவர்தான் சப்ளை. அதற்குப் பெரிய மெஷினை விற்கிறார்.

தீபாவளிக்கு ஆர்டர் குவிந்து கிடக்கிற நேரம். அந்த மெஷின் போனால் பட்டறை போச்சு, பட்டறை போனால் மேலே இருக்கிற வீட்டு வாடகை போச்சு. என் பெண்டாட்டி பேராச்சி முழுகாமல் இருந்தாள். கெஞ்சினேன், கத்தினேன். பாய் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சயானிலிருந்து பழைய மெஷின் வாங்கும் பூலோகம் கைவண்டியோடு வந்துவிட்டார். ஷேக் பரீத் சாட்சிக்கு வந்திருந்தார். தூக்கி ஏற்ற சொரிமுத்து. பாய் மோட்டாரிலிருந்து வாரைக் கழற்றினார். நான் என் ஸ்டூலை எடுத்துச் சுவர் ஓரமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், துக்க வீட்டில் உட்காருகிற மாதிரி.

அப்போது ஷரீஃபுன்னிசா அக்கா ஏணியில் இறங்கி வந்தார். கையில் அந்தப் பாட்டில். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மெஷினுக்கு முன்னால் நின்றார். அந்த அக்கா நாலு பேர் முன்னால் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"மச்சான், மெஷினைத் தொடுகதுக்கு முந்தி ஒண்ணு கேளுங்க. மொத மழையில கூரை ஒழுகி இந்தப் பாட்டில்ல தண்ணி எறங்கிட்டு. தூளு பசையாப் போச்சு. நான் சாக்கடையில கொட்டிட்டேன்."

"கொட்டிட்டியா? அப்ப இது?"

"பொட்டுக்கடலை மாவு. கொஞ்சம் சுக்கு, கொஞ்சம் உப்பு. கொறைய கொறைய நான்தான் இடிச்சுப் போட்டேன். நிசத்தைச் சொன்னா மறுபடி துபாய்க்குச் சொல்லி அனுப்புவீங்க, என் கழுத்துல கெடக்கிறது போவும்னு பயந்தேன்."

பரீத் தாடியைத் தடவினார். பூலோகம் வாயைப் பொத்திக்கொண்டார். சொரிமுத்து மட்டும், "நல்லாத்தான் இருந்துச்சுக்கா" என்றான். எனக்கு எழுந்து அக்கா காலில் விழலாம் போல இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் குன்றிப் போயிருப்பார்கள். பாய் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அதனால என்ன? மொத மாசம் தின்னோம்லா, அது அசல் மருந்து. அது உடம்புக்குள்ள தங்கி நின்னு இப்ப வேலை செய்யுது. கோப்பை அந்த மருந்துக்குத்தான் வந்துது. பூலோகம், வண்டியைப் பக்கத்துல கொண்டு வாரும்வே."

எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த மனிதனுக்கு எதைக் காட்டினாலும் அவர் நினைத்ததுதான் நிரூபணமாகும். பக்கத்தில் கிடந்த சுத்தியலை எறிந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அக்கா கோபப்படவில்லை. பாட்டில் மூடியைத் திருகி மூடினார்.

"சரி மச்சான், நீங்க சொல்லுகதே சரி. ஒரு மாசம் தின்னது இத்தனை மாசம் தங்கி நின்னு வேலை செய்யுதுன்னா, அது ஆயுசுக்கும் காணும்லா? பொறவு எதுக்குப் பெட்டி பெட்டியா வாங்கணும்? அகாடாவுல ஒரு தடவை வாங்கினவன் மறுபடி உங்ககிட்ட எதுக்கு வருவான்?"

பாய் பூலோகத்திடம் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அத்தனை வருஷத்தில் அவர் ஒரு முடிவை மாற்றி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பூலோகம் வெளியே போய், காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு சயான் பக்கம் நடந்தார். பாய் யாரையும் பார்க்காமல் குனிந்து, கழற்றிய வாரைத் தானே மோட்டாரில் மாட்டினார். நான் ஸ்டூலைப் பழைய இடத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தேன். முதல் தையல் கோணியது. பிரித்துத் தைத்தேன்.

சாயங்காலம் அக்கா டீ கொண்டு வந்தார். பாய் தம்ளரை நீட்டியபடி சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அதுல ரெண்டு கரண்டி போடு."

"எதுல? எதைப் போடணும்?" என்றார் அக்கா.

பாய் கையில் கட்டியிருந்த தோல் பட்டையை, கை இன்னும் பெருத்துவிட்ட மாதிரி, ஒரு துளை தளர்த்திக்கொண்டார்.

"கடலை மாவைத்தான்."