மீதி அரை பாட்டில்

அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் என் மகள் நேற்று வீடியோவில் சமைத்துக் காட்டினாள். மாட்டிறைச்சியில் ஸ்டௌட் என்ற கறுப்பு பீரை ஊற்றிச் செய்யும் அந்த ஊர் ஸ்ட்யூ. வெண்ணெயில் இறைச்சியை வறுத்துக்கொண்டிருக்கும்போதே அவள் வீட்டில் ஏதோ மணி அலறியது. திரையில் கூரை தெரிந்தது, அழைப்பு அறுந்தது. பதினைந்து நிமிடம் கழித்து ஒரு படம் வந்தது. கொதிக்கும் பாத்திரம், பக்கத்தில் பாதி காலியான பாட்டில், கீழே ஒரு வரி: "புகை வந்தா அடிக்கிற மணிம்மா, ஒண்ணுமில்ல." அவளுக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் இரவு முழுக்கத் தூக்கமில்லை. படத்திலிருந்த அந்தப் பாதி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதே குழம்பு எனக்குப் பத்து வயதில் எங்கள் வீட்டு விறகடுப்பில் கொதித்தது என்று சொன்னால் அவள் நம்ப மாட்டாள்.

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்தில் ஒரு வீடு எங்களுடையது. அம்மா கொழுந்து கிள்ளினாள், அப்பா ஃபாக்டரியில் இருந்தார். எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, மேனேஜர் பங்களாவில் காய் நறுக்கி, பாத்திரம் கழுவும் எடுபிடி. பங்களாவின் பெரிய சமையல்காரர் வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மாமாவின் கல்யாணமே அந்த இடத்தை நம்பி நின்றது. "குக்குன்னா பொண்ணு தாரோம், எடுபிடின்னா வேற வீடு பாருங்க" என்று பெண்ணின் அப்பா ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் தேயிலை பார்க்க அயர்லாந்துக்காரர் ஒருவர் பங்களாவுக்கு வந்தார். இரண்டு நாள் பருப்பும் பனீரும் சாப்பிட்டவர், மூன்றாம் நாள் தன் ஊர்க் குழம்புக்கு ஏங்கிப் போனார். செய்முறையைத் தாளில் எழுதி, தன் பெட்டியிலிருந்து ஒரு பாட்டில் ஸ்டௌட்டையும் எடுத்துக் கொடுத்தார். மேனேஜர் குடும்பம் மாட்டிறைச்சியைத் தொடாது. "உன் வீட்டில் செய்து கொண்டு வா. அவர் தட்டு காலியானால் இந்தச் சமையலறை உனக்கு" என்று மேனேஜர் மாமாவிடம் சொல்லிவிட்டார்.

பாட்டிலைக் கண்டதும் அம்மா மாமாவின் மேல் பாய்ந்தாள். "ஏன்லே, உலகத்துல வேற குழம்பே இல்லையா? மூணு மாசமாத்தான் இந்த வீடு வீடா இருக்கு."

"யக்கா, இது குடிக்கதுக்கு இல்ல, கறிக்கு."

"கறிக்குன்னு பாட்டிலுக்குத் தெரியுமால?"

அம்மாவின் பயத்தில் நியாயம் இருந்தது. அப்பா மாதா கோயிலில் நடந்த தியானத்துக்குப் போய்வந்து குடியை விட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த மூன்று மாதமும் அம்மா அடைகாக்கும் கோழியைப் போல அவரைச் சுற்றியே இருந்தாள். அப்பா வாயைத் திறந்து கொட்டாவி விட்டால்கூட அருகில் போய் மோந்து பார்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மாமா அடுப்பை மூட்டினார். இறைச்சியை மைதாவில் புரட்டி வெண்ணெயில் சிவக்க வறுத்து, வெங்காயம் சேர்த்து, அரை பாட்டிலை ஊற்றினார். நுரை பொங்கியது. சுட்ட ரொட்டியும் கசப்பும் கலந்த ஒரு மணம் லயம் முழுக்கப் பரவியது. அப்பா எட்டிப் பார்த்து, "மொளகா இல்ல, தேங்கா இல்ல. ஏன் மாப்ள, அந்த மனுசனுக்குக் காய்ச்சலா?" என்றார்.

மீதி அரை பாட்டிலை ஒரு மணி நேரம் கழித்து, உருளைக்கிழங்கும் வட்டவடை கேரட்டும் போடும்போதுதான் ஊற்ற வேண்டும் என்று தாளில் இருந்தது. அதற்குள் மாமா பங்களாவுக்குப் போய் மதியச் சாப்பாட்டுக்கு மேஜை போட வேண்டும். அம்மாவுக்குப் பக்கத்து லயத்தில் ஜெபம். தவிரவும், சாராயப் பாட்டிலைக் கையால் தொடுவதில்லை என்று அவளுக்கு ஒரு நேர்ச்சை. ஆக, பொறுப்பு அப்பாவிடம் வந்தது. மாமா குண்டானின் கைப்பிடி ஆணியைத் தொட்டுக் காட்டினார். "அத்தான், மீதியையும் ஊத்துனா சரியா இந்த ஆணி மட்டத்துக்கு வரும். மூடியே வேகணும்."

அம்மா என்னைத் தனியாக இழுத்துப் போனாள். "ஏட்டி, அப்பா மேலயிருந்து கண்ண எடுக்கப்படாது. என்ன?"

நான் கண்ணை எடுக்கவில்லை. அப்பா அடுப்பைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன், பாட்டில் இருவருக்கும் நடுவில் இருந்தது. காயெல்லாம் போட்ட பிறகு அப்பா தொண்டையைச் செருமினார். "அடுத்த வீட்டுல ரெண்டு விறகு வாங்கிட்டு வா தாயி."

மூலையில் விறகு இருக்கத்தான் செய்தது. ஆனாலும் ஓடினேன். ஓடித் திரும்பியபோது பாட்டில் காலி.

"ஊத்தியாச்சு" என்றார் அப்பா. நெற்றியெல்லாம் வேர்வை. சட்டைக் கை நனைந்திருந்தது. அதிலிருந்து மூன்று மாதத்துக்கு முந்தைய வாசனை வந்தது.

எனக்கு உலகமே முடிந்துவிட்டது. அம்மாவிடம் சொன்னால் வீடு போய்விடும். சொல்லாவிட்டாலும் குழம்பு குறைந்து மாமாவின் கல்யாணம் போய்விடும். அப்பா சட்டைக் கையை அலசக் குழாயடிக்குப் போன நேரத்தில், அடுப்போரத்தில் எப்போதும் இருக்கும் பாலில்லாத கட்டஞ்சாயாவை ஒரு பெரிய டம்ளர் எடுத்து, ஒரு துண்டு கருப்பட்டியைக் கரைத்துக் குண்டானில் ஊற்றிவிட்டேன். நிறம் ஒன்றுதான். அந்த வயதில் எனக்கு அதுவே போதுமானதாகத் தோன்றியது.

சாயங்காலம் மாமா வந்து மூடியைத் திறந்தார். "என்ன அத்தான், ஆணிக்கு மேல நிக்குது?"

"நீ சொன்னபடிதான் செஞ்சேன் மாப்ள."

"சரி, வத்தட்டும்." அரை மணி நேரம் மூடாமல் கொதிக்கவிட்டு, குண்டானைச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு மாமா மேடேறினார். ஜெபத்திலிருந்து திரும்பிய அம்மா ஜெபமாலையைக் கையில் எடுத்தாள்.

மாமா திரும்பி வந்தது ஓட்டமாகத்தான். காலிக் குண்டானை வாசலில் கவிழ்த்துத் தட்டிக்காட்டினார். "ரொட்டிய வச்சு வழிச்சுத் தின்னுட்டாரு யக்கா! அவங்க அம்மா வச்சதுல இந்த இனிப்பு இல்லையாம். என்ன சேத்தேன்னு கேக்காரு. எஸ்டேட்டு ரகசியம்னுட்டேன்!"

"ஒனக்கே தெரியாத ரகசியம்" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தோம். மாமா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, பெரிய சமையல்காரரைப் போல அம்மாவை அதட்டி வேலை ஏவினார். சிரித்துக்கொண்டே இருந்த அம்மா திடீரென்று கேட்டாள்: "அது சரி, மீதி அரை பாட்டில ஊத்துனது யாரு?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். மாட்டிக்கொள்ளப் போகிறார்.

"நாந்தாம்மா ஊத்துனேன்" என்று முந்திக்கொண்டேன். "அப்பா அந்தப் பக்கமே போகல."

"எங் கெட்டிக்காரி" என்று அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அப்பா திறந்த வாயை மூடினார். என்னைப் பார்த்தார். "ஆமா, பிள்ளதான் ஊத்துச்சு" என்று சொல்லிவிட்டு, குண்டானை எடுத்துப் போய்த் தேய்க்க ஆரம்பித்தார். அவரைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் அன்று நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அந்த அரை பாட்டில் அப்பாவின் வயிற்றுக்குள் போயிருந்தால், நான் ஊற்றிய ஒரு டம்ளர் சாயா, குழம்பை மிஞ்சிப்போனால் ஆணி வரைக்கும்தான் கொண்டுவந்திருக்கும். ஆணிக்கு மேலே நின்றது என்றால் பாட்டிலில் இருந்தது முழுவதும் குண்டானுக்குள் போயிருந்தது என்று அர்த்தம். இந்தக் கணக்கு பத்து வயதில் எனக்குத் தெரியாததல்ல, போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. சட்டையில் சிந்தியது கை நடுங்கியதால். அந்த நடுக்கத்தை நான் பார்க்கக் கூடாது என்றுதான் இல்லாத விறகுப் பஞ்சத்துக்கு என்னை அனுப்பியிருக்கிறார். அதன் பிறகும் அவர் கடைசிவரை குடிக்கவில்லை.

அன்று அம்மாவின் கேள்விக்கு அப்பாவிடம் நல்லதொரு பதில் இருந்தது. அதைச் சொல்லத்தான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.