ஆக்ஸிலியா அக்காவின் பென்டிரைவில் ஏறாத ஆட்டம்

"டி.வி. அணைஞ்சு கெடக்கும்போது இந்தப் பெட்டி மட்டும் எப்படி பிள்ள முழிச்சிருக்கும்?"

பக்கத்து வீட்டு ஆக்ஸிலியா அக்கா டிஷ் பெட்டியைக் காட்டிக் கேட்ட இந்தக் கேள்விக்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். செண்பகனூரில் எங்கள் ஆறு வீட்டு வரிசைக்கு ரிமோட் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான்தான் ஆள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "அது முழிச்சிருக்கும்க்கா" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

அக்காவுக்கு ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை. நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு இட்லி அவிக்க வெள்ளனே போனால் ராத்திரி ஏழு மணிக்குத்தான் வருவார். மகள் ஹெப்சிபா திண்டுக்கல்லில் கல்லூரி படிக்கிறாள், ஹாக்கியில் கோல்கீப்பர். ஏழு வருடமாக விளையாடுகிறாள். அக்கா ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. ஹாக்கிக்காரர்கள் மத்தியானம் மூன்று மணிக்கு ஆட்டம் வைக்கிறார்கள், விடுதிப் பிள்ளைகளுக்கு நாலு மணிக்குச் சுண்டல் வேண்டும். யாரைக் குற்றம் சொல்வது?

போன வருடம் ஹெப்சிபாவின் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மதுரையிலிருந்து நேரலை, எதிரணியும் மதுரைதான். அன்றைக்கே விடுதியில் பெற்றோர் தினம், முந்நூறு பேருக்குச் சாப்பாடு. லீவு என்ற சொல்லை எடுக்கவே முடியாது. சமையற்கட்டில் போன் சிக்னலும் கிடையாது.

அக்காவின் தம்பி ராபின் ஊருக்குள் கேபிள் இழுப்பவர். "ரெக்கார்டு பண்ற பெட்டி எங்ககிட்ட இருக்குக்கா. மாச வாடகைதான்" என்றார்.

"பெட்டிக்கு வாடகை குடுக்கிறதுக்கு உன்னை வாடகைக்கு எடுத்து டி.வி. முன்னால உக்கார வச்சிருவேன்லே."

"நான் சும்மாவே பார்த்துச் சொல்றேன்."

"நீ சொன்னா யாரு கோல் போட்டா, யாரு தடுத்தான்னே மாறிப்போயிரும். சோலியப் பாரு."

மாத வாடகை இல்லாத டிஷ் ஒன்றை அக்கா வத்தலக்குண்டில் ஒரே விலையாக வாங்கி மாட்டியிருந்தார். அதன் பெட்டியில் பென்டிரைவ் செருகும் வாய் ஒன்று இருந்தது. அதில் நேரம் குறித்துவைத்தால் ஆள் இல்லாவிட்டாலும் தானே பதிவு செய்யும். ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம். முதல் நாள் மாலை ஆறுக்குப் பதில் காலை ஆறு என்று அக்கா குறித்துவிட்டார். பீட்ரூட்டில் இலைப்புள்ளி நோய் பற்றிய விவசாய நிகழ்ச்சி ஒரு மணி நேரம் ஏறியிருந்தது. அழிக்கப் போனேன். "பதிஞ்சத வீணாக்கக் கூடாது பிள்ள" என்று உட்கார்ந்து முழுக்கப் பார்த்தார். இரண்டாம் நாள் குரங்கு டிஷ்ஷைத் திருப்பிவிட்டிருந்தது. மூன்றாம் நாள் சரியாகப் பதிந்தது. அதற்குப் பிறகு, எப்படிப் பதிவது என்று வரிசை முழுக்க அக்காவின் இலவசப் பயிற்சி வகுப்புதான்.

வெள்ளிக்கிழமை காலை, "தொடாதே" என்று எழுதிய காகிதத்தைப் பெட்டியின் சுவிட்சு மேல் ஒட்டிவிட்டுப் போனார். பூட்டிய வீட்டுக்குள் யார் தொடப்போகிறார்கள் என்று நாங்கள் சிரித்தோம்.

இரண்டரை மணிக்குப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறியது. கொஞ்ச நேரத்தில் இடி.

எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. ஆறு வீட்டு மெயின் சுவிட்சுகளும் கடைசிச் சுவரில் வெளிப்பக்கமாக இருக்கின்றன. இடி இடித்தால், வீட்டில் இருப்பவர் யாரோ அவர் வேலைக்குப் போனவர்களின் மெயினையும் சேர்த்து அணைக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரே மின்னலில் மூன்று டி.வி. போனதிலிருந்து இது கட்டாயம். அன்று வீட்டில் இருந்தது நான். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன். ஆறையும் வெரசாக இறக்கினேன். கடமையை முடித்த திருப்தியோடு கட்டங்காப்பி போட்டுக் குடித்தேன்.

நாலேகாலுக்கு மழை விட்டதும் மெயின்களை ஏற்றப் போனேன். நாலாவது சுவிட்சில் கை வைத்தபோதுதான் அது யார் வீட்டுடையது என்று உறைத்தது.

அக்கா ஏழு மணிக்கு ஒரு தூக்கில் கேசரியோடு வந்தார். ஹெப்சிபாவின் அணி ஜெயித்த செய்தி வழியிலேயே கிடைத்திருந்தது. ராபினும் கேலி செய்யத் தயாராக வந்து உட்கார்ந்தார். பென்டிரைவில் ஒத்திகைகள் மட்டும்தான் இருந்தன. நான் நடந்ததைச் சொன்னேன். ராபின் கேலி செய்ய வந்ததை மறந்து, பென்டிரைவைக் கழற்றி மறுபடி செருகிப் பார்த்தார்.

அக்கா டி.வி.யை அணைத்தார். பிறகு, "இடி இடிச்சா நானும் அதத்தான் செஞ்சிருப்பேன். சாப்பிடு" என்று கேசரியைத் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை ஹெப்சிபா வந்தாள். ஆட்டத்தின் கடைசியில் தடுத்த பந்தை எப்படித் தடுத்தாள் என்று பார்க்க, முற்றத்தில் அவளை நிறுத்தி, என்னைப் பந்து அடிக்கச் சொன்னார் அக்கா. அவள் சேற்றில் பாய்ந்து தடுத்துக் காட்டினாள்.

"இப்படித்தான் விழுந்தியா?"

"இல்லம்மா, இடப்பக்கம்."

"அப்ப இன்னொரு தடவை விழு."

மூன்று தடவை விழுந்தாள். அக்கா கைதட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "நீ அடிச்சா நான்கூடத் தடுப்பேன் பிள்ள. அந்த மதுரைப் பொண்ணு அடிச்சதைத்தான் பார்க்கணும்" என்றார்.

ஒளிபரப்பியவர்களுக்கு நான் எழுதிக் கேட்டேன். நேரலை என்பதால் சேமித்து வைக்கவில்லை என்று பதில் வந்தது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். போன வருட ஆகஸ்ட் இரண்டாம் வெள்ளி, மதியம் மூன்று மணி, கல்லூரிப் பெண்கள் ஹாக்கி இறுதி ஆட்டம். முடிய நாலு நிமிடம் இருக்கும்போது ஒரு பெனால்டி ஸ்ட்ரோக், கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்க ஒருத்தி அடிக்கும் அடி. மஞ்சள் ஹெல்மெட் போட்ட கோல்கீப்பர் இடப்பக்கம் பாய்ந்து தடுப்பாள். எங்கோ ஒரு வீட்டில் யாராவது அதைப் பென்டிரைவில் பதிந்திருக்கலாம், அழிக்க மறந்தும் இருக்கலாம். உங்களிடம் இல்லையென்றால், வீட்டில் இப்படிப் பெட்டி வைத்திருக்கும் யாருக்காவது இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்களையும் நாலு பேருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.