பவுடர் பூசிப் போன முகாம்

அரசாங்கத்திடம் எதையாவது வாங்க வேண்டுமென்றால் எங்கள் மாமாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது கொடைக்கானல் மலையில் எங்கள் ஊரான பள்ளங்கியில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். அம்மாவின் தம்பி அவர். ஒரு வருடம் உறைபனி விழுந்து பூண்டெல்லாம் கருகிப்போனபோது, ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் வந்த அதிகாரியை வரப்பு வரப்பாக நடக்க வைத்து, கருகிய தாளைப் பிடுங்கிப் பிடுங்கிக் காட்டி, கொஞ்சம் கண்ணீரும் விட்டு நிவாரணம் வாங்கிவிட்டார். அவர் காட்டியதில் பாதி பக்கத்துக் காட்டுப் பூண்டு என்று அப்பா சொல்வார். அப்பா அதிகம் பேசாத மனிதர். பேசினால் இப்படித்தான் பேசுவார்.

என் அண்ணனுக்கு ஆட்டிசம். அந்தச் சொல் எங்கள் வீட்டுக்கு வந்து சேர வெகுகாலம் ஆனது. அதற்கு முன் ஊரில் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். காத்துக் கருப்பு என்றார்கள், சாமிப் பிள்ளை என்றார்கள், லேட்டாகப் பேசுவான் என்றும் சொன்னார்கள். என்னைவிட நான்கு வயது மூத்தவன். பேச மாட்டான். சட்டைக் காலரில் தைத்திருக்கும் துணிச்சீட்டு கழுத்தில் உரசினால் வீடு அதிரக் கத்துவான். அதனால் எங்கள் வீட்டில் யார் சட்டையிலும் அந்தச் சீட்டு இருக்காது. எதற்கு வம்பு என்று அப்பாவுடையதையும் என்னுடையதையும் சேர்த்தே அம்மா வெட்டிவிடுவாள். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

செண்பகனூர்ப் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு சின்னப் பள்ளி இருந்தது. தினமும் அம்மா அவனைப் பேருந்தில் கூட்டிப் போவாள், மாலை வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்து கூட்டி வருவாள். அம்மா காட்டுக்குப் போக முடியாததால் அங்கே கூலிக்கு ஆள் வைத்தார்கள். பேருந்துக்கும் பள்ளிக்கும் கூலிக்கும் கைகொடுத்தது அண்ணனுக்கு அரசாங்கத்திலிருந்து மாதாமாதம் வந்த உதவித்தொகை. அந்தப் பள்ளியில்தான் அவன் சோற்றைத் தன் கையால் எடுத்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டான். முதல் கவளத்தை அவன் எடுத்த அன்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆனால் அந்தத் தொகைக்காக டாக்டர்கள் முதலில் கொடுத்த மாற்றுத்திறனாளிச் சான்று தற்காலிகச் சான்று. சின்னப் பிள்ளைதானே, வளர்ந்த பிறகு மறுபடி பார்க்கலாம் என்று கொடுத்தது. அதன் காலம் முடிந்ததும் தொகை நின்றது. தொகை நின்றதும் பள்ளி நின்றது. பள்ளி நின்றதும் அண்ணன் கையால் சாப்பிடுவதை மறந்தான், சுவரில் தலையை முட்ட ஆரம்பித்தான். அவன் முட்டும் இடத்தில் அம்மா பழைய கம்பளியை மடித்து ஆணியடித்து வைத்தாள். அவன் இடத்தை மாற்றினான். அம்மா கம்பளியை மாற்றினாள்.

இந்த நேரத்தில்தான் கொடைக்கானலில் முகாம் போடுகிறார்கள் என்ற செய்தியோடு மாமா வந்தார். டாக்டர்கள் அங்கேயே பார்த்து அங்கேயே சான்று கொடுப்பார்களாம். அதில் கடுமையான பாதிப்பு என்று எழுதினால்தான் தொகை திரும்ப வரும். மாமா பூண்டு விஷயத்தில் கண்ட அனுபவத்தையெல்லாம் ஒன்றுதிரட்டித் திட்டம் சொன்னார். தலை வார வேண்டாம், கிழிந்த ஸ்வெட்டரைப் போடு, கழுத்துச் சீட்டு வெட்டாத சட்டை ஒன்றை நான் வாங்கி வருகிறேன், டாக்டர் முன்னால் நாலு கத்து கத்தினான் என்றால் சான்று கையில்.

அம்மா கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“ஏலே, எம்புள்ளையவும் கருகுன பூண்டு மாதிரி பிடுங்கிக் காட்டச் சொல்றியா?”

மாமா எழுந்துவிட்டார். நல்லதுக்குச் சொன்னால் பொல்லாப்பு என்று வாசலில் போய் அப்பாவிடம் முறையிட்டார். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினார்.

முகாம் அன்று அம்மா வெள்ளனே எழுந்து வெந்நீர் வைத்தாள். அண்ணனைக் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்துத் தலை வாரி, பவுடர் பூசி, திருநீறு வைத்து, பொங்கலுக்கு எடுத்த சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டுவிட்டாள். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி இருந்தான். மாமா அவனைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், நெற்றியில் அடித்துக்கொண்டு பேருந்தில் ஏறினார். பள்ளிக்கு லீவு கிடைத்த சந்தோஷத்தில் நானும் ஏறினேன்.

முகாம் நடந்த மண்டபத்தில் ஒரே கூட்டம். பிள்ளைகள் அழுதன, ஓடின, தரையில் புரண்டன. எங்கள் அண்ணன் மட்டும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வெளியே தொட்டிக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு சத்தம் இல்லை. வீட்டில் ஒரு நாளாவது இப்படி இருந்திருப்பானா! மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெல்ல நகர்ந்து அவன் தொடையைக் கிள்ளப் பார்த்தார். அம்மா பார்த்த பார்வையில் கையை ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டவர்தான், அப்புறம் வெளியே எடுக்கவில்லை.

எங்கள் முறை வந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். அண்ணனோடு கொஞ்ச நேரம் விளையாட்டுக் கட்டைகளை வைத்துப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் கேட்டார்.

“தானாச் சாப்பிடுவானாம்மா?”

“சாப்பிடுவான் மேடம்.”

“குளிக்கிறது?”

“எல்லாம் குளிப்பான்.”

“பாத்ரூம் போகணும்னா சொல்லுவானா?”

“நல்லாச் சொல்லுவான் மேடம். ரெம்பத் தங்கமான புள்ள.”

எனக்குப் பெருமையாக இருந்தது. மாமா, “அக்கா!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குச் சான்று வேண்டாமா என்ன? ஒவ்வொரு ராத்திரியும் அதற்காகத்தான் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். ஆனால் முன்பின் தெரியாதவர்கள் நாலு பேர் நிற்கும் இடத்தில், பெற்ற பிள்ளைக்கு அது வராது இது வராது என்று சொல்ல அவளுக்கு நாக்குப் புரளவில்லை. விட்டுக்கொடுக்காமல் பேசியே பழகிவிட்டாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். மாமாவை வெளியே உட்காரச் சொன்னார். நாற்காலியை அம்மாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அவனை விடுங்கம்மா. நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து நீங்க என்னென்ன வேலை பாத்தீங்க? அதைச் சொல்லுங்க.”

அம்மாவிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் வெட்கப்பட்டாள். அப்புறம் தன் சாமர்த்தியத்தைச் சொல்லத் தொடங்கினாள்.

“இவன் முழிக்கிறதுக்கு முன்ன முழிச்சுருவேன் மேடம். இல்லாட்டி தாப்பாளத் தெறந்துட்டு ரோட்டுக்குப் போயிருவான், அங்கன காட்டெருமை நிக்கும். பல்லு வெளக்கிவிடையில கடிச்சுருவான், அதுக்குத்தான் வெரல்ல துணியச் சுத்திக்கிறது. சோத்தப் பெசஞ்சு உருட்டி, அவன் பராக்குப் பாக்கையில வாயில குடுத்துரணும். அதெல்லாம் எனக்கு அத்துபடி. காட்டுல ஒரு சோலி இருந்தாலும் இடுப்புல கயித்தக் கட்டி அந்த நுனிய எங்கிட்ட வச்சுக்குவேன். ராத்திரி எம் முந்தானைய அவன் கையில முடிஞ்சுட்டுத்தான் படுக்கிறது. அசைஞ்சா எனக்குத் தெரிஞ்சுரும்ல?”

வீட்டில் தினமும் நடப்பதுதான். ஆனால் வரிசையாகச் சொல்லிக் கேட்டபோது அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். டாக்டர் குறுக்கே பேசவே இல்லை. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார்.

“நீங்க இல்லைன்னா இதையெல்லாம் யாரும்மா பாப்பாங்க?”

“நான் எதுக்கு இல்லாமப் போறேன்?” என்றாள் அம்மா, சண்டைக்கு வருபவள் போல.

டாக்டர் பேனாவைத் திறந்து வெகுநேரம் எழுதினார். எழுதிவிட்டு, இந்தத் தொகை அவனுக்கு மட்டுமில்லை, அவனைப் பார்த்துக்கொள்ளும் உங்களுக்கும் சேர்த்துத்தான் கொடுப்பது, வாங்குவதில் ஒரு வெட்கமும் வேண்டாம் என்றார். அம்மா தலையாட்டினாள். சான்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் மாமா அதைப் பிடுங்கிப் படித்தார். படித்துவிட்டு, அத்தனை பேர் நடுவில் அப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“கடுமையான பாதிப்புன்னு போட்டாச்சு மச்சான். அதுவும் நெரந்தரம்! இனி சர்டிபிகேட்டுக்குன்னு அலையவே வேணாம்.”

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. வீட்டில் பல மாதமாக யாரும் சரியாகப் பேசாமல், சிரிக்காமல் இருந்ததெல்லாம் இந்தக் காகிதத்துக்காகத்தான் என்று அந்த வயதிலும் எனக்குத் தெரியும். மண்டபத்துப் படிக்கட்டில் குதித்துக் குதித்து இறங்கினேன். பிறகு தொகை ஒழுங்காக வரத் தொடங்கியது. அண்ணன் மறுபடி பள்ளிக்குப் போனான். கொஞ்சம் கொஞ்சமாகக் கை சோற்றுக்குப் போனது. சுவரில் இருந்த கம்பளியை அம்மா கழற்றித் துவைத்துக் காயப் போட்ட நாளும் வந்தது. மாமா இன்றுவரை அந்தச் சான்று தன்னால் கிடைத்ததாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரும் மறுப்பதில்லை. அன்று வெளியே உட்காரச் சொன்னதும் பேசாமல் போய் உட்கார்ந்தாரே, அதுவும் ஓர் உதவிதான்.

முகாம் முடிந்த அன்று சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் மாமா எல்லோருக்கும் மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். பனிமூட்டம் இறங்கி எதிர்க் கடை தெரியவில்லை. அண்ணன் அம்மாவின் முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தான். அம்மா பஜ்ஜியைக் கையில் வைத்தபடியே நின்றாள். பள்ளங்கிப் பேருந்து வந்து நின்று கூட்டம் ஏறத் தொடங்கியபோது மாமாவின் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தாள்.

“ஏலே, ஒண்ணு கேட்டுட்டு வந்திருக்கலாம்டா. பின்னால என்னைக்காச்சும் இவனுக்குச் சரியாயிருச்சுன்னா, இந்த நெரந்தரங்கிறத அழிச்சுக் குடுப்பாங்கள்ல?”

மாமா வெடித்துச் சிரித்தார். “வெரசா ஏறுக்கா. வர்ற காச வேணாம்னு எவனாச்சும் போய் நிப்பானா?”

படியில் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இத்தனை பாடுபட்டு வாங்கியதை அழிப்பதற்கு வழி கேட்கிறாளே, அம்மாவுக்கு இந்தச் சின்னக் கணக்குக்கூடத் தெரியவில்லையே என்றிருந்தது.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அண்ணனைத் தூக்கிப் படியில் ஏற்றிவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

“குடுப்பாங்க,” என்றார். “நானே போயி அழிச்சு வாங்கியாறேன். நீ பஜ்ஜியத் தின்னு.”

அம்மா பஜ்ஜியைக் கடித்தாள். அப்பாவுக்கும் கணக்குத் தெரியாது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.