உதயம் இல்லாத ஜாதகம்

நார்வேயின் வடகோடியில் அக்காவுக்கு மகள் பிறந்த அதே வாரம், அருப்புக்கோட்டையில் அவள் மாமனார் மாரடைப்பில் போய்ச்சேர்ந்தார். நார்வேயில் மீன் பண்ணையில் வேலை பார்த்த அக்கா வீட்டுக்காரரால் காரியத்துக்குக்கூட வந்து சேர முடியவில்லை. தொண்ணூறுகளில் அவ்வளவு தூரத்திலிருந்து கிளம்பி வருவது லேசில்லை. பழி முழுக்கப் பச்சைப்பிள்ளை தலையில் விழுந்தது.

"பெறந்ததும் தாத்தாவ முழுங்கிருச்சு. சாதகத்தக் கணிச்சிட்டு வாங்க. தோசம் இருந்தா அது இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று அக்காவின் மாமியார் சொல்லிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பதில் பேசிவிடாதபடி அம்மாதான் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

பஜாரில் புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டர் ஜாதகக் கடைக்குப் போனேன். பிறந்த ஊரின் அட்சரேகையை அடித்ததும் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. கடைக்காரர் அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார்.

"இம்புட்டு வடக்கயெல்லாம் எடுக்காதும்மா. மதுரைன்னு போட்ரவா?"

நல்ல ஆளைப் பிடித்தேன் போங்கள்.

அடுத்த பஸ்ஸில் திருச்சுழிக்குப் போனேன். அங்கே கையால் கணிக்கிற ஜோசியர் ஒருவர் இருந்தார். எடுத்த எடுப்பிலேயே, "அன்னைக்கு அந்த ஊர்ல சூரிய உதயம் எப்ப?" என்றார். உதயத்தின்போது சூரியன் நிற்கும் ராசிதான் அந்த நேரத்து லக்னம். அங்கிருந்து நாழிகையை எண்ணிக்கொண்டே வந்தால் பிள்ளையின் லக்னம் கிடைக்கும். ராத்திரி பிறந்தாலும் முந்தின உதயத்திலிருந்துதான் கணக்கு. பஸ் ஸ்டாண்டு பூத்திலிருந்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"உதயமா? இங்க பொழுது அடஞ்சே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுடி. நடுராத்திரி பிள்ளை பெறக்கயில ஜன்னல்ல வெயில் அடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு."

போய்ச் சொன்னேன். ஜோசியர் பஞ்சாங்கத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"அடையாத சூரியன் எப்பிடிம்மா உதிக்கும்? நச்சத்திரம் சொல்லிருவேன், அது எல்லா ஊருக்கும் ஒண்ணுதான். லக்கினம் பிடிபடல. தோசம் உண்டுன்னும் எழுத மாட்டேன், இல்லைன்னும் எழுத மாட்டேன்."

"இல்லைன்னு எழுதிக் குடுத்தா உங்க கை தேஞ்சா போயிரும்?" என்று கேட்டே விட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பஞ்சாங்கத்தை மூடினார்.

வெறுங்கையோடு அக்காவின் மாமியார் வீட்டுக்குப் போனேன், சண்டைக்குத் தயாராகத்தான். அவர் மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் இப்போது ராத்திரியே கிடையாது, அதனால் ஜாதகமே எழுத முடியாதாம் என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் கை நின்றது. தோசத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ராத்திரியே இல்லையா? அப்ப எம்மகன் எப்பத் தூங்குறான்?"

"கெட்டித் துணியப் போட்டு ஜன்னல மறச்சுக்கிட்டுத் தூங்குறாகளாம் அத்தை. அப்பவும் இடுக்குல வெளிச்சம் வந்துருதாம்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"அவுக அப்பா போன சேதி கேட்டு, இருட்டுல படுத்து அழக்கூட வழியில்லாமக் கெடந்திருக்கானே. பிள்ளையத் தூக்கிக்கிட்டு எல்லாரும் வரச் சொல்லுத்தா."