குமிழ் நின்ற பிறகும்

அதனால்தான் சொல்கிறேன் தாயி, மாடிவீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளவில்லை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், நீ நடுவில் போய் நிற்காதே. அவர்களுக்குத்தான் அந்தச் சின்னப் பிள்ளை இருக்கிறதே, 'அப்பாட்டச் சொல்லு, அம்மாட்டச் சொல்லு' என்று நாள் முழுக்க ஓடவிட! பாவம் என்கிறாய். பாவமெல்லாம் இல்லை, அதற்கு அதில் ஒரு பெருமை உண்டு. நானே அந்த வேலை பார்த்தவள்தான்.

எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ. நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா எங்கள் காளை ஜோடியை விற்றுவிட்டு, வேடசந்தூர்ப் பக்கம் பஞ்சுப் பொதி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பழைய டீசல் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். மாட்டை விற்கப்போவதாக அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கழுநீர்ப் பானையோடு தொழுவத்துக்குப் போனவள் வெறும் முளைக்குச்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். பானையை அந்த வண்டிக்கு முன்னால் வைத்தாள்.

"இது குடிக்குமான்னு உங்கப்பாட்டக் கேளு" என்றாள் என்னிடம்.

அன்றோடு அவர்கள் பேச்சு நின்றது, எனக்கு உத்தியோகம் வந்தது. "சோறு ஆறுதுன்னு சொல்லு." "வெஞ்சனத்துல உப்பு கூடன்னு சொல்லு." இரண்டு பேரும் ஒரே அடுப்படியில்தான் இருப்பார்கள். ஆனாலும் நான் சொன்ன பிறகுதான் எதுவும் நடக்கும்.

வண்டியோ அம்மா பக்கம் சேர்ந்துகொண்டது. மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கும். டாங்கியில் பஞ்சுத் தூசும் துருவும் கிடக்கிறது, டீசல் ஃபில்டரை மாற்று என்று மெக்கானிக் சொல்லி, எப்படி மாற்றுவது என்றும் காட்டிக்கொடுத்திருந்தார். அப்பா புது ஃபில்டரை வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்ததோடு சரி. நீகூட புது மிக்ஸியைப் பெட்டியோடு பரணில் வைத்துவிட்டு அந்த ஓட்டை மிக்ஸியோடு மல்லுக்கட்டவில்லையா, அதுபோலத்தான்.

ஒரு நாள் காலை ஊர்க்காரர்கள் முதல்முறையாக, பஸ்ஸில் போடாமல், அப்பாவை நம்பி மல்லிகையைக் கொடுத்தார்கள். மொட்டு வாய் திறப்பதற்குள் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் மறுநாள் எவரும் பூத் தரமாட்டார்கள். மாடும் போய், வண்டிக்கும் வேலை இல்லாமல் போகும். மூட்டைக்குத் தண்ணீர் தெளிக்கிற ஆள் வரவில்லை என்றதும் அம்மா வாயைத் திறக்காமல் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். சேதி சொல்ல ஆள் வேண்டுமே என்று நானும் கிளம்பினேன்.

சின்னாளபட்டி தாண்டியதும் வண்டி இருமியது, குலுங்கியது, நின்றேவிட்டது. ரோட்டோரம் சுங்குடிச் சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன. சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி, "ஏப்பா, ரெண்டு மாட்டைப் பூட்டி இழுத்தாப் போயிருமே!" என்றார். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

அப்பா பானெட்டைத் திறந்து பழைய ஃபில்டரைக் கழற்றினார். அடிப்பிடித்த பாகு மாதிரி கருப்பாக வந்தது. புதுசை மாட்டினார். பொட்டலத்தின் மேல் என்னவோ நிறைய எழுதியிருந்தது, எங்கள் மூன்று பேருக்கும் அதனால் பிரயோஜனம் இல்லை.

மாட்டினால் முடிந்தது என்று நினைக்காதே. கழற்றும்போது குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிடும், காற்று இருந்தால் எஞ்சினுக்கு டீசல் போகாது. மேலே ஃபில்டர் தலையில் ஒரு திருகு, கீழே ஒரு கைப்பம்ப். திருகைத் தளர்த்திவிட்டு அடித்தால் குமிழும் நுரையுமாக டீசல் வரும். குமிழ் நின்றதும், பம்ப் ஓடும்போதே திருகை இறுக்கிவிட வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும்.

அப்பா பம்பை அடிக்க வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார். அம்மா பானெட் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டீசல் பட்ட கை மூட்டையைத் தொட்டால் மல்லிகையில் நாற்றம் ஏறிவிடும், அன்றைக்குப் பூவைத் தொடுகிற கை அவளுடையது.

"குமிழு நின்னுருச்சான்னு உங்கம்மாட்டக் கேளு."

நிமிர்ந்து கேட்டேன்.

"நிக்கலைன்னு சொல்லு."

குனிந்து சொன்னேன்.

"இப்ப நின்னுருச்சுன்னு சொல்லு."

நான் குனிந்து சொல்லி, அப்பா புரண்டு எழுந்து வந்து திருகை இறுக்குவதற்குள் காற்று மறுபடி உள்ளே போய்விட்டது. எஞ்சின் ஒரு தடவை கனைத்துவிட்டு அணைந்தது. திரும்பவும் செய்தார்கள், திரும்பவும் அதே கதை. வெயில் ஏறிக்கொண்டே வந்தது.

அம்மா போய் மூட்டையைப் பிரித்துப் பார்த்தாள். வந்து என் கையைப் பிடித்தாள்.

"இனி நீதான் பூவைத் தொடணும். கைய எங்கிட்டும் வச்சுறாத."

பிறகு வண்டிக்கு அடியில் குனிந்தாள். "அந்த ஸ்பானரை இங்கிட்டுத் தாங்க."

என்னிடம் இல்லை, நேராக அப்பாவிடம்! அடியிலிருந்து ஒரு கை மட்டும் ஸ்பானரோடு வந்தது.

"அடிங்க. இன்னும் வருது, அடிங்க."

டீசல் அவள் விரல்வழியாக வளையலில் இறங்கியது. நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஸ்பானர் பெட்டிமேல் ஏறி எட்டிப் பார்த்தேன். ஒரு குமிழ்கூட இல்லை. டீசல் தெளிவாக வழிந்துகொண்டிருந்தது.

"இன்னும் வருது, அடிங்க."

"இன்னுமா? கட்டைவிரலு போச்சுடி."

"மாட்டை ஓட்டிவிட்டப்ப எங்கயும் வலிக்கலையில்ல? அடிங்க."

பம்ப் சத்தம் நின்றது. மறுபடி ஆரம்பித்தது.

"உங்கிட்டக் கேட்டிருந்தா விக்க விட்டிருப்பியாக்கும்?"

"கேட்டுப் பாத்திருந்தால்ல தெரியும். அடிங்க."

"அம்மா, குமிழு எப்பவோ நின்னுருச்சு" என்றேன். முழங்கையால் ஓர் இடி வைத்தாள். அப்புறம்தான் திருகை இறுக்கினாள்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. டீசல் கை பூப்பக்கம் ஆகாது என்று அம்மா முன்னால் அப்பா பக்கத்தில் ஏறினாள். பின்னால் சாக்கை நனைத்தபடி நான். மார்க்கெட் சேரும்வரை மொட்டு வாய் திறக்கவில்லை, பூவில் நாற்றமும் இல்லை, யாவாரி முகர்ந்து பார்த்துத்தான் எடுத்தார். வழியெல்லாம் முன்னால் பேச்சு நிற்கவில்லை, எனக்கு ஒரு சேதியும் வரவில்லை. ராத்திரி சாப்பாட்டின்போது இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன். "உப்பு கூட" என்றார் அப்பா. "நாளைக்குக் குறைச்சுக்கிறேன்" என்றாள் அம்மா. என்னை ஒருவரும் பார்க்கவில்லை.

அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன். விளக்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் கூடுதலாக ஊற்றினால் கையைத் தட்டிவிடுகிறவள், அம்புட்டு டீசல் வழிந்து ரோட்டில் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றால் வேறு என்னவென்று நினைப்பேன்... அட, மேலே சத்தம் கேட்கிறதா? தொட்டி நிரம்பிக் கொட்டுகிறது. தள்ளு தாயி, மோட்டாரை நிறுத்தவேண்டும்.