கீழே பார்த்த ஐந்து விநாடி

"இன்னிக்கு எதை எங்க ஒளிச்சு வெச்சிருக்க, மூதேவி?" என்று டச்ஸ்கிரீனைக் கேட்டுவிட்டுத்தான் லோர்னா டிரெகென்சா சீட் பெல்ட் போடுவார். விரலால் இரண்டு தரம் தேய்ப்பார், ஒரு தரம் குத்துவார். தேடியது கிடைக்காவிட்டால் அடுத்த வசவு என் மருந்துக்கடைக்குள் வரை கேட்கும்.

அடிலெய்டுக்கு மேற்கே, யார்க் தீபகற்பத்தில் எங்கள் பக்கத்துக்கு வீடு வீடாக வரும் நர்ஸ் அவர்தான். வயது ஐம்பத்தெட்டு. குட்டையான, அகன்ற உடம்பு. காலை எட்டரைக்கு என்னிடம் கட்டுத்துணியும் களிம்பும் வாங்கிக்கொண்டு கிளம்பினால், பார்லி வயல்களுக்கு நடுவே சரளை ரோட்டில் இருநூற்றைம்பது கிலோமீட்டர் சுற்றிவிட்டுத்தான் திரும்புவார். மதியம் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட ஒரு பேஸ்டி. அதையும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் தின்பார். "ஓட்டும்போது ஓட்டணும், கண்ணு. தின்னும்போது தின்னணும்." நோயாளி, போலீஸ்காரர், பாதிரியார் எல்லோரும் அவருக்குக் கண்ணுதான். கோபம் வந்தால் மட்டும் முழுப்பெயர் வரும். இந்தத் திரை வரும் வரை, முப்பத்தொரு வருஷ ஓட்டத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

பழைய வண்டியில் காற்றுக்கு ஒரு குமிழ், சூட்டுக்கு ஒரு குமிழ், ரேடியோவுக்கு ஒரு குமிழ். "எது எங்க இருக்குன்னு என் கைக்குத் தெரியும். கண்ணு ரோட்டுலயே இருக்கும்" என்பார். போன வருஷம் மருத்துவமனை நிர்வாகம் எல்லா நர்ஸுகளுக்கும் புது வண்டி கொடுத்தது. குமிழ்கள் போய், தேநீர்த் தட்டு அகலத்தில் ஒரு திரை வந்தது.

ஜூலையில் ஒரு காலை, நல்ல மழை. எண்பத்தொரு வயது கிளாரி நோஸ்கேயின் கால் புண்ணுக்கு மருத்துவமனையில் கட்டுப் போட்டு, லோர்னா அவரை வீட்டுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். கிழவரின் நனைந்த கோட்டிலிருந்து எழுந்த ஆவி முன்கண்ணாடியில் பால் மாதிரி படர்ந்தது. "இரு, தொப்பியால துடைக்கிறேன்" என்றார் கிளாரி. லோர்னா வேகத்தைக் குறைத்துக்கொண்டே, கண்ணாடிக்குக் காற்று விட, திரையில் விரலை வைத்தார். முந்தின நாள்தான் அந்தத் திரை தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. விசிறிப் படம் இருந்த இடத்தில் ரேடியோப் படம். சரளையில் வண்டி உதற, விரல் வேறெங்கோ பட்டது. பாட்டு காதைப் பிளந்தது. என்ன ஆயிற்றென்று கீழே பார்த்தார். நிமிர்ந்தபோது எதிரே ரோடு இல்லை, வேலிதான் இருந்தது.

கிளாரிக்குக் காறை எலும்பு முறிந்தது. "வேலி என்னோடது இல்ல, லோர்னா. அதனால கவலைப்படாத" என்று கட்டிலில் கிடந்தபடி சொன்னார். லோர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கையைத் தூக்கித் தலை வார முடியாத கிழவருக்கு, தினமும் போய் அவர்தான் வாரிவிட்டார்.

நிர்வாகத்தின் அறிக்கை இரண்டு வாரத்தில் வந்தது. காரணம்: ஓட்டுநரின் கவனக்குறைவு. பரிகாரம்: திரையைக் கையாளுவது பற்றி நாற்பது நிமிஷப் பாடம்.

பாடத்தை விளக்க, வண்டிகளுக்குப் பொறுப்பாளரான டேமியன் ப்ரௌஸ் அடிலெய்டிலிருந்து வந்தார். பளபளக்கும் ஷூ, பதமான பேச்சு. "உங்க வருத்தம் புரியுது லோர்னா. பழகிட்டா எல்லாம் சுலபம்."

"அப்ப நீ பழகினவன்தானே? வா, ஓட்டு." என்னைப் பார்த்து, "நீயும் ஏறு. சாட்சி வேணும்" என்றார். கடையை அப்படியே விட்டுவிட்டுப் பின்சீட்டில் ஏறினேன்.

ஆளில்லாத நேர் ரோடு. வேகம் எண்பது. பால்கேனை வெட்டிச் செய்த தபால்பெட்டி ஒன்றைக் கடக்கும்போது லோர்னா சொன்னார்: "முன்கண்ணாடிக்குக் காத்து விடு."

டேமியன் திரையை நோக்கிக் குனிந்தார்.

"ஒண்ணு" என்றார் லோர்னா. "ரெண்டு. மூணு." டேமியனின் விரல் திரையில் அலைந்தது. "நாலு." சீட் சூடேறும் படம் வந்தது. "அஞ்சு." இடது சக்கரம் ரோட்டோர மண்ணில் இறங்கி உதறியது. லோர்னா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தார். வண்டி நின்றது.

"இறங்கு, டேமியன் ப்ரௌஸ்."

"லோர்னா, இது ரொம்ப ஆபத்தான..."

"ஆபத்துன்னு இப்பத் தெரியுதா? சக்கரம் இறங்கின தடம் தெரியுதில்ல? அந்தத் தபால்பெட்டியிலேர்ந்து அது வரைக்கும் குருடனா வந்திருக்க. நடந்து போய் எண்ணிட்டு வா."

அவர் நடந்தார். சுண்ணாம்புச் சேறு ஷூவில் அப்பிக்கொண்டது. திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "நூத்தி நாப்பத்தாறு காலடி."

லோர்னாவின் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. "நான் கீழ பாத்தேன். இல்லேன்னு சொல்ல மாட்டேன். அந்தக் கிழவன் முகத்தைத் தினமும் பாக்கறவ நான், பொய் சொல்ல முடியாது. ஆனா என்னைக் கீழ பாக்க வெச்சது யாரு? அதை ஏன் எழுதல? நாப்பது நிமிஷப் பாடமாம்! பாடத்தை அந்தப் பொட்டிக்கு நடத்து!"

திரும்பும்போது லோர்னாதான் ஓட்டினார்.

வண்டிகள் மாறவில்லை, மூன்று வருஷ ஒப்பந்தமாம். லோர்னா அதே திரையோடுதான் இன்னமும் ஓடுகிறார். காற்றுக்கும் சூட்டுக்கும் வேண்டியதைக் கிளம்பும்போதே வைத்துக்கொள்வார். வழியில் கண்ணாடி மங்கினால் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் திரையைத் தொடுகிறார். ஒவ்வொரு நிறுத்தத்தையும் நேரம் போட்டு எழுதி, மாதாமாதம் டேமியனுக்கு அனுப்புகிறார்.

திருத்திய அறிக்கை சென்ற வாரம் வந்தது. என் கடை மேசையில் வைத்துத்தான் பிரித்தார். கவனக்குறைவு என்ற சொல் போயிருந்தது. "ஓட்டுநர் பார்வையை விலக்கினார். வண்டியின் அமைப்பும் ஒரு காரணமாக இருக்கலாம்" என்றிருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம்.

முதல் வரியைப் படித்துத் தலையாட்டினார். அடுத்ததை இரண்டு தரம் படித்தார். என் பேனாவைக் கேட்டு வாங்கி, 'இருக்கலாம்' என்பதைத் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி அடித்தார். அதன் மேல் 'இருந்தது' என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.