டேங்க் வாசலில் இருந்த தாள்

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நான் சவூதியில், ஜுபைலில் ஒரு கம்பெனி கேம்ப்பில் இருந்தேன். வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் மெஸ் ஹாலில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வகுப்பு எடுப்பேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை, சம்பளமும் கிடையாது. ஒரு பிளைவுட் பலகைக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துச் சுவரில் சாத்தி வைத்திருந்தேன். பைப்பில் மார்க் பண்ணுகிற சாக்பீஸை ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்து வருவேன். பருப்பு வாடை போகாத மேஜைகளில் பத்துப் பேர் உட்காருவார்கள். எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். இரண்டு பேர் தூங்கிவிடுவார்கள். எனக்கு முணுக்கென்றால் கோபம் வரும், டிப்ளமா படித்த திமிர் வேறு. தூங்குகிறவர் காதுக்குப் பக்கத்தில் மேஜையை ஓங்கித் தட்டுவேன்.

ஒருநாளும் தூங்காதவர் பெரம்பலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. சாரத்தில் ஏறி இறங்கியே ஒரு முழங்கால் போய்விட்டது. டேங்க் வாசலில் உட்கார்ந்து கணக்கு வைக்கிற 'ஹோல் வாட்ச்' பார்த்தவன் லீவில் போனதால் அந்த வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. சுத்தம் செய்யத் திறந்த டேங்குக்குள் ஆட்கள் ஒரு வட்ட ஓட்டை வழியாக இறங்குவார்கள். யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எப்போது வெளியே வந்தார் என்பது வாசலில் ஒரு தாளில் இருக்க வேண்டும். சைரன் அடித்தால் உள்ளே மாட்டிக்கொண்டது யார் என்று அந்தத் தாள்தான் சொல்லும். ஏணி ஏற வேண்டாம், நிழல் உண்டு. அவர் காலுக்கு அதைவிட என்ன வேண்டும்? அதுவரை உள்ளே போகிறவர்களே தாளில் எழுதிவிட்டுப் போவார்கள். இனி ஹோல் வாட்ச்தான் தன் கையால் எழுத வேண்டும், இரண்டு மாதத்தில் டெஸ்ட், தேறாதவன் பழைய வேலைக்கே போக வேண்டும் என்று புது ஆர்டர் வந்தது.

முதல் நாளே தெளிவாகக் கேட்டார். "சார், எனக்கு மத்ததெல்லாம் வேணாம்ங்க. பேட்ஜுல பேரு போட்டிருக்குல்ல, அந்த இங்கிலீசு எழுத்தப் பாத்து அப்படியே எழுதத் தெரிஞ்சா போதும்."

இருபத்தாறு எழுத்து. மூன்று வாரத்தில் முடிந்திருக்கும். நான் என்ன செய்தேன்? "சொந்த மொழியில பேரெழுதத் தெரியாம இங்கிலீஷ் என்னண்ணே இங்கிலீஷ்? முதல்ல தமிழ். அப்புறம் அதைப் பாத்துக்கலாம்" என்றேன். பெரிய மேடைப் பேச்சாளன் மாதிரி! அவர் தலையை ஆட்டிவிட்டு அ எழுத ஆரம்பித்தார்.

ஆள் விடவில்லை. டீ பிரேக்கில் சிமென்ட் தரையில் எழுதிப் பார்ப்பார். பழைய கேட் பாஸ்களின் பின்பக்கமெல்லாம் எழுத்தாக இருக்கும். ஆனால் கொம்பையும் காலையும் மாற்றி மாற்றிப் போடுவார். ஒரு வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுமை போய், "இவ்ளோ மக்காவாண்ணே இருப்பீங்க?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே அழித்துவிட்டுத் திரும்ப எழுதினார்.

ஆறாவது வெள்ளிக்கிழமை எந்தப் பெயரைச் சொன்னாலும் தமிழில் எழுதிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரம் இங்கிலீஷ் என்று அறிவித்தேன்.

டெஸ்ட் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது, சொல்லாமல் கொள்ளாமல். நான் அதே டேங்க் பக்கம் நின்றிருந்தேன். சைரன் அடித்தது. உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து வரிசையில் நின்றார்கள். சேஃப்டி ஆபீசர் தாளைக் கேட்டான். வாங்கிப் பார்த்தவன் முகத்தைச் சுளித்தான். "யே க்யா ஹை, பாய்?" இது என்ன என்று கேட்டான்.

"நேம் சார், நேம்" என்று பெரம்பலூர்க்காரர் தாளை எட்டிப் பார்த்து உரக்கப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கை உயர்ந்தது. நேபாளி, பீகாரி, வங்காளி எல்லார் பெயரையும் வாயால் கேட்டுத் தமிழில் எழுதியிருந்தார். பதினோரு பெயர், பதினோரு கை. ஒன்றுகூடத் தப்பவில்லை.

நீ மயங்கி விழுந்தால் இதை யார் படிப்பது என்று ஆபீசர் இந்தியில் கேட்டான். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல். "ஒரு வாரம் டைம் குடு பாய், நான் சொல்லித் தர்றேன்" என்று இந்தியில் கெஞ்சினேன், அப்புறம் கத்தினேன். "மாஃபி டைம். கலாஸ்" என்றான், டைம் இல்லை, முடிந்தது என்று அரபியில். தாளின் குறுக்கே கோடு போட்டான். மறுநாள் காலையில் பெரம்பலூர்க்காரர் சாரத்தில் நின்றார். ஒவ்வொரு படிக்கும் முழங்காலைக் கையால் தூக்கி வைத்துத்தான் ஏறியிருப்பார். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அவர் இடத்துக்கு வந்தவனுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். வியாழக்கிழமை டேங்க் பக்கம் போனபோது உள்ளே எட்டுப் பேர் இருந்தார்கள், தாள் வெறுமையாக இருந்தது. புது ஹோல் வாட்ச் துரை செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். டூட்டி முடிகிற நேரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நிரப்பினான், நேரம் உட்பட. ஆபீசரிடம் போய்ச் சொன்னேன். அவன் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இங்லீஷ் மே ஹை நா?", இங்கிலீஷில்தானே இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டான். செத்தால் இங்கிலீஷில் சாகட்டும் என்று நினைத்தானோ என்னவோ, பாவி!

அவனைத் திட்டித் தீர்த்த பிறகும் எரிச்சல் அடங்கவில்லை. யார் மேல் என்று எனக்கே தெரியும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, வகுப்புக்கு முன்பே பலகை முழுக்க A முதல் Z வரை எழுதி வைத்தேன். அவர் நொண்டிக்கொண்டே வந்து அதே இடத்தில் உட்கார்ந்து கேட் பாஸை எடுத்துத் திருப்பி வைத்தார். பக்கத்தில் போனேன். "அண்ணே, தப்பு என்னோடது. நீங்க கேட்டதை நான் அன்னைக்கே சொல்லித் தந்திருக்கணும்."

"சேச்சே, உங்க மேல என்னங்க சார் தப்பு? நான்தான் மக்கு. நீங்கதான் அன்னைக்கே சொன்னீங்களே."

குத்திக்காட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நிஜமாகவே நம்பித்தான் சொன்னார்.